இளவயது பார்க்கின்சன்: பார்க்கின் மரபணுவுக்கு எந்தப் பரிசோதனை எடுப்பது?

முப்பது வயதுக்காரருக்கு ஒரு கால் இழுக்கிறது, நடக்க நடக்கப் பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, தூங்கி எழுந்ததும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறார், பொழுது சாயச் சாய மோசமாகிறது, நரம்பு டாக்டர் சிண்டோபா (லெவோடோபா மருந்து கலந்த மாத்திரை) எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்படும் அளவுக்கு எழுந்து நடக்கிறார். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இரண்டாவது மூன்றாவது விசிட்டில் டாக்டர் "ஒரு ஜெனடிக் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்" என்பார். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பேனல், எக்ஸோம், ஹோல் ஜீனோம், எம்எல்பிஏ என்று ஏகப்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. லேப்காரர் விலை கூடியதுதான் நல்லது என்கிற மாதிரி பேசுவார். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் போனில் கூப்பிட்டு, எச்சில் துப்பி அனுப்பும் கிட் இருக்கிறதே, அது போதாதா என்பார்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சனைக் கொண்டுவரக்கூடியது பார்க்கின் என்ற மரபணு. அதைத் தேடும்போது எத்தனை மரபணுக்களைப் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது கேள்விதான். எக்ஸான்களின், அதாவது மரபணுவில் புரதத்துக்கான செய்தி இருக்கும் துண்டுகளின், பிரதிகளை எண்ணிப் பார்க்கிறார்களா என்பது முதல் கேள்வி. இந்த ஒன்றைக் கேட்காமல் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

ஏன் இந்த மரபணுவுக்கு மட்டும் இப்படி ஒரு தனிக் கேள்வி என்றால், அதைக் கண்டுபிடித்த கதையிலேயே பதில் இருக்கிறது. 1998-இல் ஜப்பானில், ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தின் மிசுனோவின் குழுவும் கெயோ பல்கலைக்கழகத்தின் ஷிமிசுவின் குழுவும் சேர்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். இளவயதிலேயே பார்க்கின்சன் வந்த குடும்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு நோயாளியிடம் 6-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய ஓர் அடையாளப் புள்ளி காணாமலே போயிருந்தது. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மரபணுவையே பிடித்தார்கள். அதாவது முதல் நாளிலிருந்தே இந்த மரபணுவின் கோளாறு டிஎன்ஏவில் வரும் எழுத்துப்பிழை மட்டும் அல்ல, துண்டு காணாமல் போவதும்தான். கிட்டத்தட்ட 14 லட்சம் எழுத்து நீளமுள்ள மரபணு இது, மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் புரதத்துக்கான செய்தி அதில் 12 சின்ன எக்ஸான்களில், மொத்தமாக 1,400 எழுத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது, அதிலிருந்து 465 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் ஒன்று வருகிறது. நடுவில் இருப்பதெல்லாம் வெட்டவெளி. போதாததற்கு இந்த இடமே குரோமோசோமில் எளிதில் உடையக்கூடிய பகுதிகளில் ஒன்று. அதனால் ஒரு எக்ஸானோ இரண்டு மூன்றோ முழுசாக விழுந்துவிடுவதும், சில நேரம் இரட்டிப்பாகிவிடுவதும் இங்கே சகஜம். பார்க்கின் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான்.

அந்தப் புரதத்தின் வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், இங்கே சுருக்கமாகப் போதும். செல்லுக்குள் கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா மீது 'இதை அப்புறப்படுத்து' என்று சீட்டு ஒட்டுவது பார்க்கின். எங்கே ஒட்ட வேண்டும் என்று அதற்குக் காட்டிக் கொடுப்பது பிங்க்1 என்ற இன்னொரு மரபணுவின் புரதம். இரண்டில் எது கெட்டாலும் இளவயதில் பார்க்கின்சன் வரலாம், வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த 'ஒரே மாதிரி' விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேனலைப் பற்றிப் பேசும்போது வேண்டும்.

பரிசோதனையே எடுக்காமல் இருப்பதும் ஒரு வழிதான், அதை யாரும் சொல்வதில்லை. இன்றைய நிலையில் பார்க்கின் என்று தெரிந்தாலும் மாத்திரை மாறாது. லெவோடோபாதான், கூட வேறு சில மருந்துகள், தேவைப்பட்டால் மூளையில் மின்முனை வைக்கும் டிபிஎஸ் சிகிச்சை. பார்க்கினையோ பிங்க்1-ஐயோ குறிவைக்கும் மருந்துகள் மனிதர்களிடம் தொடக்கக் கட்டத்தில்தான் இருக்கின்றன. 'டெஸ்ட் எடுத்தால் குணமாகிவிடும்' என்ற நினைப்பில் கடன் வாங்கி எடுப்பதாக இருந்தால் வேண்டாம், அந்தக் காசை பிசியோதெரபிக்கு வையுங்கள்.

அப்புறம் எதற்குத்தான் எடுப்பது? என்னைக் கேட்டால் இரண்டு காரணங்கள். ஒன்று, முன்னே என்ன வரும் என்பதைப் பற்றி ஓரளவு தெளிவு கிடைக்கும். பார்க்கின் கோளாறால் வரும் நோய் பொதுவாக மெதுவாகத்தான் நகரும், குறைந்த லெவோடோபாவுக்கே நன்றாகக் கேட்கும், மறதி நோயில் போய் முடிவது அபூர்வம். அதே சமயம் மருந்தால் வரும் கட்டுப்பாடில்லாத ஆட்டம் சீக்கிரமே தலைகாட்டும் என்பதும் தெரியும். முப்பது வயதில் வேலை, குழந்தை, வீட்டுக்கடன் எல்லாவற்றையும் யோசிக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு காரணம் குடும்பம். அது நம் ஊரில் இன்னும் பெரிய விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த மரபணுப் பரிசோதனைக்கும் முன்னால் வில்சன் நோய் இல்லை என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் டாக்டரிடம் கருவிழியில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். உடம்பில் தாமிரம் சேர்வதால் வரும் அந்த நோயும் இளவயதில் நடுக்கத்தோடு வரும், ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. இதைத் தவறவிட்டுவிட்டு ஜீனோம் வரைக்கும் போவது அநியாயம்.

வயதையும் பாருங்கள். ஐரோப்பிய நோயாளிகளை வைத்து 2000-இல் வந்த ஓர் ஆய்வில், உடன்பிறந்தவர்களுக்கும் நோய் இருந்த, 45 வயதுக்குள் ஆரம்பித்த 73 குடும்பங்களில் 49 சதவீதத்தில் பார்க்கின் கோளாறு கிடைத்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாக வந்தவர்களில், 20 வயதோ அதற்கு முன்போ ஆரம்பித்தவர்களிடம் 77 சதவீதம், 30 தாண்டி ஆரம்பித்தவர்களிடம் வெறும் 3 சதவீதம். ஆக 18 வயதில் ஆரம்பித்தவரும் 43 வயதில் ஆரம்பித்தவரும் ஒரே பரிசோதனைக்கு ஒரே எதிர்பார்ப்போடு போக முடியாது. 43 வயதுக்காரர், அண்ணன் தம்பி யாருக்கும் இல்லை, பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களும் இல்லை என்றால், பார்க்கினுக்கென்று தனியாகச் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

சரி, இனி ஒவ்வொரு பரிசோதனையாக.

எச்சில் கிட்டை முதலில் ஓரம் வைத்துவிடலாம். அந்தக் கிட்டை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் பார்க்கின்சன் அறிக்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் அனுமதி கொடுத்தது. அது பார்ப்பது பார்க்கின்சனோடு தொடர்புள்ள வேறு இரண்டு மரபணுக்களை, எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஒரே ஒரு மாற்றம், ஜிபிஏ மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். பார்க்கின் அதில் இல்லவே இல்லை. அந்த எல்ஆர்ஆர்கே2 மாற்றமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க அரபு, பெர்பர் மக்களிடமும் அதிகம் காணப்படுவது, இந்தியர்களிடம் மிக அரிது. எனவே அதில் 'எதுவும் இல்லை' என்று வந்தால் நம் கேள்விக்கு அது பதிலே இல்லை. 2023-இல் அந்த நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது என்பதெல்லாம் தனிக்கதை.

பார்க்கினை மட்டும் பார்ப்பது அடுத்தது. இதில் எம்எல்பிஏ முக்கியம். 12 எக்ஸானும் இரண்டிரண்டு பிரதி இருக்கிறதா என்று எண்ணுகிற பரிசோதனை அது. கூடவே எழுத்துப்பிழைகளைப் பார்க்க அந்த 12 எக்ஸானையும் சீக்வென்ஸ் செய்ய, அதாவது எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பரிசோதனை. 20 வயதுக்குள் ஆரம்பித்து, உடன்பிறந்த ஒருவருக்கும் இருந்து, அறிகுறிகளும் அச்சு அசலாகப் பார்க்கின் மாதிரியே இருந்தால் இது நியாயமான தேர்வு. குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே இன்ன எக்ஸான் போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு இது மட்டும் போதும், வேறு எதற்கும் காசு கொடுக்காதீர்கள். மற்றபடி இதன் பலவீனம் வெளிப்படை. பிங்க்1-ஆக இருந்தால் தெரியாது, டிஜே-1-ஆக இருந்தால் தெரியாது, லெவோடோபாவுக்குப் பிரமாதமாகக் கேட்கும் டிஸ்டோனியா (தசை தானாக முறுக்கிக்கொள்ளும் நோய்) என்று ஒன்று இருக்கிறது, மாலையில் மோசமாவதில் அது பார்க்கினைப் போலவே இருக்கும், அதன் மரபணுவே வேறு, அதுவும் தெரியாது.

அதனால்தான் பேனல். இளவயது பார்க்கின்சனுக்கும் டிஸ்டோனியாவுக்கும் தொடர்புள்ள சில பத்து மரபணுக்களை ஒரே ரத்தத்தில் பார்த்துவிடுவார்கள். நம் பகுதிக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், பிஎல்ஏ2ஜி6 என்று ஒரு மரபணு, இளைஞர்களிடம் வேகமாக மோசமாகும் டிஸ்டோனியா கலந்த பார்க்கின்சனை உண்டாக்குவது. அது 2009-இல் முதலில் அடையாளம் காணப்பட்டதே ஓர் இந்தியக் குடும்பத்திலும் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்திலும்தான், இரண்டுமே சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள். பார்க்கினை மட்டும் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பினால் இதைப் போன்றவை கைநழுவிப் போகும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல லேப்களில் 'பேனல்' என்பது உண்மையில் எக்ஸோம்தான், எல்லா மரபணுக்களையும் சீக்வென்ஸ் செய்துவிட்டு அதிலிருந்து சிலவற்றை மட்டும் வாசித்து ரிப்போர்ட் கொடுப்பது. அதில் தப்பில்லை, ஆனால் எக்ஸோமின் பலவீனமும் அப்படியே கூட வரும். அது என்ன பலவீனம்? ஒரு நிலப் பத்திரத்துக்கு அசலும் நகலுமாக இரண்டு பிரதி, ஒவ்வொன்றிலும் 12 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலில் 3-ஆம் பக்கம் கிழிந்து போய்விட்டது. இரண்டையும் கலந்துபோட்டு எழுத்துப்பிழை பார்க்கிற ஆளிடம் கொடுத்தால், 3-ஆம் பக்கம் ஒன்று கையில் இருக்கிறது, அதில் பிழையும் இல்லை, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். பக்கத்தை எண்ணுகிற ஆள்தான் கண்டுபிடிப்பார். எக்ஸோம் முதன்மையாக எழுத்துப்பிழை பார்க்கிற ஆள். எத்தனை முறை ஒரு பகுதி வாசிக்கப்பட்டது என்பதை வைத்துப் பிரதிகளைக் கணிக்கும் மென்பொருள்கள் உண்டு, நன்றாகச் செய்யும் லேப்களும் உண்டு. ஆனால் ஒரு பிரதியில் ஒரே ஒரு எக்ஸான் போயிருக்கும் நிலையில் அவை தடுமாறும், எல்லா லேப்பும் அந்தக் கணக்கைப் போடுவதுமில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு வந்த ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள் 'நோய்க்காரண மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை'. கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், பெரிய நீக்கங்களும் இரட்டிப்புகளும் இந்த முறையில் தெரியாமல் போகலாம் என்று ஒரு வரி. வீட்டில் எல்லோரும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு 'பரம்பரை நோய் இல்லையாம்' என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. பிறகு ஒரு டாக்டர் எம்எல்பிஏ எழுதிக் கொடுத்தார், இரண்டு பிரதியிலும் எக்ஸான் போயிருந்தது. லேப் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் செய்தது. கேட்டதுதான் தவறான கேள்வி.

எக்ஸோமுக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. அறிகுறிகள் எந்த வகையிலும் சேராமல், பேச்சு குழறல், அறிவுத்திறன் குறைவு, வலிப்பு என்று கலந்து வந்தால் பேனலில் இல்லாத மரபணுவையும் தேட முடியும், இரண்டு மூன்று வருடம் கழித்துப் பழைய தரவையே மறுபடி வாசிக்கச் சொல்லலாம். ஆனால் தெளிவான இளவயது பார்க்கின்சனுக்கு முதல் அடியாக எக்ஸோம் மட்டும் போதும் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஜிபிஏ விஷயத்திலும் அதற்கு ஒரு தொல்லை உண்டு, அந்த மரபணுவுக்கு அச்சு அசலாக ஒரு செயலற்ற இரட்டை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வாசிப்பு குழம்பும்.

ஹோல் ஜீனோம் கொள்கை அளவில் எல்லாவற்றிலும் மேல். எக்ஸான்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழுவதையும் வாசிப்பதால் பிரதி எண்ணிக்கை சீராகக் கிடைக்கும், துண்டு எங்கே அறுந்தது என்பதுகூடத் தெரியும். நீண்ட துண்டுகளாக வாசிக்கும் புதிய முறையில், ஜப்பானில் ஓர் இரட்டையரிடம் எம்எல்பிஏவுக்கும் வழக்கமான சீக்வென்சிங்குக்கும் தெரியாத, குரோமோசோமில் ஒரு பெரிய பகுதியே தலைகீழாகத் திரும்பியிருந்த பார்க்கின் கோளாறு பிடிபட்டிருக்கிறது. ஆனால் விலையும் கூடுதல், என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாத மாற்றங்களும் மூட்டையாக வரும். உலகத் தரவுத்தளங்களில் நம் மக்களின் மாதிரி குறைவு என்பதால் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்ற முத்திரை நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழும். எம்எல்பிஏவோடு பேனலும் எடுத்து எதுவும் கிடைக்காமல், சந்தேகம் மட்டும் பலமாக இருக்கும்போது இதற்குப் போகலாம். அந்த நிலையில் ஆராய்ச்சித் திட்டம் ஏதாவது நடக்கிறதா என்று நரம்பியல் டாக்டரிடம் விசாரியுங்கள். ஜிபி2 என்ற உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டத்துக்கு இந்தியாவிலிருந்தும் மாதிரிகள் போகின்றன. காசு இல்லை, ஆனால் ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டு நச்சரிக்க முடியாது.

ஆக 40 வயதுக்குள் ஆரம்பித்த பெரும்பாலானவர்களுக்கு என் தேர்வு பேனலும் கூடவே பார்க்கினுக்கு எம்எல்பிஏவும். லேப்பில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, பார்க்கின் எக்ஸான் நீக்கமும் இரட்டிப்பும் இதில் அடங்குமா, எந்த முறையில், ஒரே ஒரு எக்ஸான் போயிருந்தாலும் பிடிக்குமா. 'எல்லாம் வரும் சார்' என்று வாயால் சொல்வதை நம்பாமல் மாதிரி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டில் இதே மரபணு பார்க்2 என்ற பெயரில் இருக்கும், வேறு மரபணுவோ என்று பயப்பட வேண்டாம்.

ரிசல்ட் வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்க்கின் நோய் வர இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ரிப்போர்ட்டில் 'எக்ஸான் 3, 4 நீக்கம், ஹெட்டரோசைகஸ்' (ஒவ்வொன்றும் ஒரு பிரதியில் மட்டும் போயிருக்கிறது) என்று வந்தால், ஒரே பிரதியில் இரண்டு எக்ஸானும் சேர்ந்து போயிருக்கலாம், அப்படியென்றால் அவர் ஒரு பிரதி மட்டும் கெட்ட வெறும் கேரியர், நோய்க்குக் காரணம் வேறு. அல்லது ஒரு பிரதியில் 3-ம் இன்னொரு பிரதியில் 4-ம் போயிருக்கலாம், அப்படியென்றால் இரண்டுமே கெட்டது, நோய்க்குக் காரணம் இதுவேதான். எம்எல்பிஏவில் இரண்டு நிலைமையும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்பா அம்மா ரத்தத்தையும் பார்த்தால்தான் முடிச்சு அவிழும். வயதானவர்களை ஏன் இழுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம்தான்.

இப்போது குடும்ப விஷயம். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இன்னும் சொந்தத்துக்குள்தான். பார்க்கின் கோளாறு உறுதியான ஒருவரின் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் கேரியர்கள், அதற்குப் பரிசோதனையே தேவையில்லை. பிள்ளைக்கு நோய் வருமா என்பது துணையைப் பொறுத்தது. துணை சொந்தமே இல்லாதவர் என்றால் ஆபத்து சுமார் ஒரு சதவீதம் அல்லது அதற்கும் கீழே. மாமன் மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. அக்காவுக்கு நோய் இல்லாத நிலையில் அக்கா மகளைக் கட்டினால் ஆறில் ஒன்று. நோயுள்ள பெண் சொந்தத் தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒன்று. பெற்றோரும் ஏற்கெனவே சொந்தம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் கூடும். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் செய்யும் முன் துணையாக வருகிறவருக்கு, ஏற்கெனவே தெரிந்த அந்த ஒரு கோளாறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால் இந்தப் பின்னங்கள் எல்லாம் ஆம் அல்லது இல்லை என்று ஆகிவிடும். உடன்பிறந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்களா என்பதை அவர்களிடமே கேளுங்கள், அம்மா அப்பா முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை. நோயில்லாத சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டாம், பெரியவர்களான பிறகு அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கேரியர் என்ற சொல் ஊருக்குள் எப்படித் திரும்பும் என்பதும் உங்களுக்குத் தெரியும், பெண் பார்க்க வருகிறவர் காதில் 'அவங்க வீட்ல நரம்பு வியாதி' என்றுதான் விழும். ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்கு நோய் வாய்ப்பு கூடுமா என்று வெகுகாலம் விவாதம் இருந்தது, பிரதிகளையும் சரியாக எண்ணிப் பார்த்த சமீபத்திய பெரிய ஆய்வுகள் பெரிதாகக் கூடவில்லை என்ற பக்கமே சாய்கின்றன. எனவே ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் முன் யோசியுங்கள்.

கையில் ஏற்கெனவே எக்ஸோம் நெகட்டிவ் ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அதே லேப்பில் மிச்ச டிஎன்ஏ இருக்கிறதா என்று கேட்டு, அதிலேயே பார்க்கினுக்கு எம்எல்பிஏ மட்டும் செய்யச் சொல்லுங்கள், மூலத் தரவுக் கோப்புகளையும் அப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ தீர்ந்துவிட்டது என்றால் இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.